குடும்பத்தில் சொரியாசிஸ் இருந்தால்: மரபுவழி வாய்ப்பை அறிந்து நடந்துகொள்ளும் முறை

பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ சொரியாசிஸ் என்னும் தோல் நோய் இருப்பது தெரியவந்ததும், ‘எனக்கும் வருமா, என் பிள்ளைக்கும் வருமா’ என்ற கேள்வி எழாத வீடு இல்லை. அதற்கு ‘வரும்’ என்றோ ‘வராது’ என்றோ அறுதியிட்டுச் சொல்ல இன்றைய மருத்துவத்தால் முடியாது. ஆனால் வாய்ப்பு எவ்வளவு, எந்த வயதில் கூடுதல் கவனம் வேண்டும், எவற்றைத் தவிர்ப்பது நல்லது, முதல் அறிகுறியை உடலில் எங்கே தேட வேண்டும் என்பவற்றை ஓரளவு தெளிவாகவே சொல்ல முடியும். இவற்றை அறிந்துகொள்ள மரபணுப் பரிசோதனை தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. பெரும்பாலான குடும்பங்களுக்கு, உறவினர்களிடம் பொறுமையாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்கும் நோய் வரலாறுதான் ஆய்வகம் அனுப்பும் பல பக்க அறிக்கையைவிட அதிகம் பயன்படும். அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது, எப்படிப் படிப்பது, படித்தபின் என்ன செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

மரபாக வருவது எது

சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. தொட்டாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ, சேர்ந்து வாழ்ந்தாலோ அது பரவாது. நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையின்றித் தூண்டப்பட்டு, தோலில் அழற்சி நீடித்து நிற்கும் நோய் இது. இயல்பான தோலில் அடியில் பிறக்கும் செல்கள் மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டில் இது சில நாட்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. முதிர்ச்சி அடையாத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்வதால்தான் வெள்ளிநிறச் செதில்கள் படிந்த தடித்த திட்டுகள் உண்டாகின்றன. 2014ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை இந்நோயைப் பற்றித் தனித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்வது நோய் அல்ல, நோய்க்கு இடம்கொடுக்கக்கூடிய உடல்வாகு மட்டுமே. இதை மிகத் தெளிவாகக் காட்டுவன இரட்டையர் ஆய்வுகள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. எல்லாம் மரபணுவின் கையில்தான் என்றால் ஒருவருக்கு வந்த சொரியாசிஸ் மற்றவருக்கும் தவறாமல் வர வேண்டும். ஆனால் அப்படி இருவருக்கும் வந்த இணைகளின் விகிதம், ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரு பங்கு வரைதான் இருந்திருக்கிறது. வெவ்வேறு கருமுட்டைகளிலிருந்து பிறந்த இரட்டையர்களிடம் அது இன்னும் மிகக் குறைவு. இந்த இடைவெளி மரபணுவின் பங்கு பெரியது என்பதை உணர்த்துகிறது. ஒரே மரபணுக்கள் இருந்தும் ஒருவர் தப்பிவிடுகிறார் என்பது, மரபணு மட்டுமே நோயை முடிவுசெய்வதில்லை என்பதையும் சேர்த்தே உணர்த்துகிறது.

சொரியாசிஸுக்கு ‘ஒரு மரபணு’ என்று எதுவும் கிடையாது. மனித மரபுத்தொகுதியில் இந்நோயோடு தொடர்புடைய இடங்கள் இதுவரை நூற்றுக்கும் மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரிய பங்கு வகிப்பது 6ஆம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ-சி என்னும் மரபணுவின் ஒரு வகை. அதை எச்எல்ஏ-சி*06:02 என்று குறிப்பிடுவார்கள். செல்லுக்குள் உள்ள புரதத் துணுக்குகளை எடுத்து வெளியே காட்டி, ‘இது நம்முடையதா, அந்நியமா’ என்று நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் சோதித்துக்கொள்ள உதவுவதே எச்எல்ஏ-சி புரதத்தின் வேலை. இந்தக் குறிப்பிட்ட வகை, தோலுக்குச் சொந்தமான சில துணுக்குகளையே டி செல்கள் எதிரியாகக் கருதும் விதத்தில் காட்டிவிடுவதாகத் தெரிகிறது. அத்துணுக்குகளை அளவாக வெட்டிக்கொடுக்கும் இஆர்ஏபி1 என்ற மரபணுவின் மாறுபாடுகளும் சேர்ந்து செயல்படுகின்றன. அவற்றின் பாதிப்பு எச்எல்ஏ-சி*06:02 உள்ளவர்களிடம்தான் வெளிப்படுகிறது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. தூண்டப்பட்ட டி செல்கள் இன்டர்லூக்கின்-23, இன்டர்லூக்கின்-17 ஆகிய சமிக்ஞைப் புரதங்களின் வழியே அழற்சியைத் தொடரச் செய்கின்றன. இந்த வழியில் இயங்கும் மரபணுக்களிலும் நோய்வாய்ப்பைக் கூட்டும் மாறுபாடுகள் உண்டு, குறைக்கும் மாறுபாடுகளும் உண்டு. இன்டர்லூக்கின்-23 சமிக்ஞையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தின் மரபணுவில் காணப்படும் ஓர் அரிய மாறுபாடு அதைக் கொண்டிருப்பவருக்குப் பாதுகாப்பே அளிக்கிறது. குடும்பம் தந்துவிட்டுப் போவதில் சுமை மட்டும் இல்லை என்பதை இந்நோய் உள்ள பெற்றோர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

குடும்ப நோய் வரலாற்றை எழுதுதல்

ஒரு பெரிய தாளை எடுத்து, நடுவில் உங்கள் பெயரையும் உங்கள் உடன்பிறந்தவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். மேலே பெற்றோர், அதற்கும் மேலே இருபுறத்துத் தாத்தா பாட்டி, கீழே பிள்ளைகள் என மூன்று அல்லது நான்கு தலைமுறைகள் வரட்டும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை ஆகியோரை இடப்புறமும், தாயின் உடன்பிறந்த மாமா, பெரியம்மா, சித்தி ஆகியோரை வலப்புறமும் வைத்தால் எந்தக் கிளையில் நோய் இருக்கிறது என்பது பார்த்ததுமே விளங்கும். திருமணத்தால் மட்டும் உறவானவர்களைச் சேர்க்க வேண்டாம். நோய் இல்லாதவர்களையும் அவர்களுடைய இப்போதைய வயதோடு எழுத வேண்டும் என்பது பலர் தவறவிடும் செய்தி. 70 வயதுவரை நோய் வராத ஒருவரையும் 12 வயதில் நோய் வராத ஒருவரையும் ஒரே மாதிரி ‘இல்லை’ என்று குறித்துவிட்டால் தாள் தவறான கதையைச் சொல்லும்.

கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உங்களுக்குச் சொரியாசிஸ் இருந்ததா’ என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற பதிலே வரும். அதற்குக் காரணம் பொய் அல்ல. முந்தைய தலைமுறையில் பலருக்கு நோயின் பெயரே சொல்லப்படவில்லை. சிலர் அதை வாழ்நாள் முழுவதும் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தே வாழ்ந்திருக்கிறார்கள். எனவே அறிகுறியைக் கேளுங்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத பொடுகு, தலைமுடியின் எல்லையைத் தாண்டி நெற்றியிலும் காதின் பின்புறத்திலும் தடிப்பாக இறங்கியதுண்டா? முழங்கை, முழங்கால், முதுகின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் விளிம்பு தெளிவாகத் தெரியும் செதில் திட்டுகள் வந்துவந்து மறைந்தனவா? நகங்களில் ஊசிமுனையால் குத்தியதுபோன்ற சிறு குழிகள், நகத்தடியில் எண்ணெய் ஊறியதுபோன்ற மஞ்சள் நிறம், நகம் தசையிலிருந்து விலகி நிற்பது ஆகியவை இருந்தனவா? காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகளிலோ குதிகாலிலோ நெடுநேரம் நீடித்த விறைப்பு இருந்ததா? இப்படிக் கேட்கும்போது, ‘பாட்டிக்கு எப்போதும் பொடுகுதான்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் பாட்டியின் முழங்கைகளும் நகங்களும் நினைவுக்கு வரத் தொடங்கும்.

கிடைத்த விவரத்தைச் சுருக்கிவிடாமல் எழுதுங்கள். உதாரணமாக ஒருவருடைய பெயரின் கீழ் இப்படி ஒரு குறிப்பு இருக்கலாம்: ‘அப்பாவின் அக்கா, இப்போது 61 வயது. 17 வயதில் கடும் தொண்டை வலி வந்து இரண்டு வாரம் கழித்து உடம்பெங்கும் சிறுசிறு சிவந்த புள்ளிகள். மூன்று மாதத்தில் மறைந்தன. 34 வயதில் இரு முழங்கைகளிலும் திட்டு. தோல் மருத்துவர் சொரியாசிஸ் என்று உறுதிசெய்தார். 45 வயதுமுதல் கை நகங்களில் குழிகள். 48 வயதில் வலது ஆள்காட்டி விரல் முழுவதும் வீங்கியது.’ இந்தச் சில வரிகளில் தொடங்கிய வயது, தூண்டிய காரணம், நோயின் வகை, மூட்டுப் பாதிப்பு, யார் உறுதிசெய்தது என எல்லாம் இருக்கின்றன. மருத்துவர் உறுதிசெய்ததையும் உறவினரின் ஊகத்தையும் வேறுபடுத்தி எழுதுவது மிக முக்கியம். பூஞ்சைத் தொற்று, எக்ஸிமா எனப்படும் கரப்பான், தலையில் வரும் எண்ணெய்ப் பொடுகு ஆகிய மூன்றும் பேச்சில் சொரியாசிஸோடு எளிதில் கலந்துவிடும்.

தோலோடு நிறுத்திவிடாமல், மரபணு அடிப்படையில் ஓரளவு உறவுள்ள வேறு சில நோய்களையும் குறித்துக்கொள்ளுங்கள். குரோன் நோய் என்னும் குடல் அழற்சி, முதுகெலும்பை இறுகச் செய்யும் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், கண்ணின் உட்பகுதியில் திரும்பத் திரும்ப வரும் யுவைட்டிஸ் அழற்சி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

தாளைப் படித்து வாய்ப்பைக் கணித்தல்

குடும்பங்களை எண்ணிப் பார்த்த ஆய்வுகளில் இரண்டு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. 2,035 குடும்ப வரலாறுகளைப் பரிசீலித்து 1982இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வின்படி, பெற்றோர் இருவருக்கும் சொரியாசிஸ் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 41 விழுக்காடு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் 14 விழுக்காடு. பெற்றோருக்கு இல்லாமல் உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால் 6 விழுக்காடு. யாருக்குமே இல்லையென்றால் 2 விழுக்காடு. ஸ்வீடனில் 1997இல் வெளியான ஆய்வு, வாழ்நாள் முழுவதற்குமான வாய்ப்பைக் கணக்கிட்டு, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 28 விழுக்காடு, இருவருக்கும் இருந்தால் 65 விழுக்காடு, இருவருக்கும் இல்லையென்றால் 4 விழுக்காடு என்றது. எந்தக் குடும்பங்களை எடுத்தார்கள், எந்த வயதுவரை கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்து எண்கள் மாறும். ஆகவே ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு நோய் உள்ள பிள்ளைக்கு வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல் வரை என்று எல்லையாகப் புரிந்துகொள்வதே நேர்மையானது. கூடுதலாகச் சொல்லும் கணக்கை எடுத்துக்கொண்டாலும் அப்படிப்பட்ட பிள்ளைகளில் பத்தில் ஏழு பேருக்கு நோய் வருவதில்லை.

தொடங்கிய வயதும் ஒரு செய்தியைச் சொல்லும். 1985இல் ஹென்ஸெலர், கிறிஸ்டோபர்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் சொரியாசிஸை 40 வயதுக்கு முன் தொடங்கும் முதல் வகை, அதன்பின் தொடங்கும் இரண்டாம் வகை என்று பிரித்தார்கள். முதல் வகையில் குடும்ப வரலாறும் எச்எல்ஏ-சி*06:02 மரபணு வகையும் அதிகம் காணப்படுகின்றன. அது பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டுகிறது. உங்கள் தாளில் ஒரே கிளையில் பலருக்கு 25 வயதுக்குள் நோய் தொடங்கியிருந்தால், அக்கிளையின் பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே கவனிப்பது பொருத்தம். 60 வயதில் தாத்தா ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் அந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. யாருக்குமே இல்லாத குடும்பத்தில் ஒருவருக்குப் புதிதாக வருவதும் சாதாரணமாக நடப்பதுதான். சிறுசிறு பங்களிப்பு செய்யும் மாறுபாடுகள் இருபுறத்திலிருந்தும் ஒருவரிடம் வந்து சேரும்போது, பெற்றோர் இருவரும் நலமாக இருக்கப் பிள்ளைக்கு நோய் வரலாம்.

மரபணுப் பரிசோதனை செய்வதா

வழக்கமான திட்டு வகைச் சொரியாசிஸுக்கு, வருமா வராதா என்று அறிய மரபணுப் பரிசோதனை செய்துகொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோயைக் கண்டறியத் தோல் மருத்துவரின் கண்ணும், ஐயம் இருந்தால் தோலிலிருந்து எடுக்கும் சிறு திசுப் பரிசோதனையும் போதும். வருமுன் அறியவோ மரபணுப் பரிசோதனை போதுமான பலம் கொண்டதல்ல. ஏன் என்பதை ஒரு தோராயக் கணக்கால் பார்க்கலாம். ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த 1,000 பேரை எடுத்துக்கொண்டால், சுமார் 100 பேரிடம் எச்எல்ஏ-சி*06:02 இருக்கும். அந்த 1,000 பேரில் சொரியாசிஸ் உள்ளவர்கள் சுமார் 20 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், அதாவது 10 பேர், அந்த வகையைக் கொண்டிருப்பார்கள். ஆக, பரிசோதனையில் ‘உண்டு’ என்று வந்த 100 பேரில் 90 பேருக்கு நோய் இல்லை. ‘இல்லை’ என்று வந்தவர்களிலும் 10 பேருக்கு நோய் இருக்கிறது. இந்த மரபணு வகை நோய்வாய்ப்பைப் பத்து மடங்கு கூட்டுகிறது என்று அறிக்கையில் அச்சிட்டிருந்தால் அதுவும் பொய்யல்ல, ஏனெனில் 100 பேரில் 10 பேர் என்பது 900 பேரில் 10 பேர் என்பதைவிட ஏறத்தாழ அத்தனை மடங்குதான். ஆயினும் அந்த ‘பத்து மடங்கு’ என்ற சொல் ஒரு தாயின் மனத்தில் ஏற்படுத்தும் அச்சத்துக்கும், பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆவதில்லை என்ற உண்மைக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

ஏற்கெனவே பரிசோதனை செய்து அறிக்கை கையில் இருந்தால், முதலில் எச்எல்ஏ வகையை நேரடியாகக் கண்டறிந்தார்களா, அல்லது அதன் அருகிலுள்ள ஓர் அடையாளக் குறியை வைத்து ஊகித்தார்களா என்று கேளுங்கள். உமிழ்நீர் மாதிரியை அஞ்சலில் பெறும் வணிகப் பரிசோதனைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. அந்த அடையாளக் குறியின் நம்பகம் எல்லா மக்கள்தொகையிலும் ஒன்றாக இருக்காது. பல மாறுபாடுகளைக் கூட்டிச் சொல்லும் ஒட்டுமொத்த மரபணு மதிப்பெண் தரப்பட்டிருந்தால், அது எந்த வம்சாவளியினரின் தரவைக் கொண்டு உருவாக்கப்பட்டது என்று பாருங்கள். இதுவரை நடந்த பெரிய ஆய்வுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி என்பதால், மற்றவர்களுக்கு அந்த மதிப்பெண் அதே அளவு பொருந்தாது. இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் இல்லாத அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

பரிசோதனை உண்மையிலேயே பயன்படும் இடங்களும் உண்டு. அவற்றைத் தவறவிடக் கூடாது. உடல் முழுவதும் சீழ்போன்ற கொப்புளங்களும் காய்ச்சலுமாக வரும் பொதுநிலைச் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் ஓர் அரிய, உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடிய வகை. இன்டர்லூக்கின்-36 என்னும் சமிக்ஞையைத் தணித்து வைக்கும் ஐஎல்36ஆர்என் மரபணுவில் உள்ள பழுது இதற்கு ஒரு காரணம் என்பது 2011இல் துனீசியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பழுதான பிரதிகளும் சேரும்போதே அந்தக் குடும்பங்களில் நோய் வெளிப்பட்டதால், நெருங்கிய ரத்த உறவில் திருமணம் நடந்த குடும்பங்களில் இதன் வாய்ப்பு கூடும். அந்தச் சமிக்ஞையையே தடுக்கும் ஸ்பெசோலிமாப் என்ற மருந்து 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மரபணுவைக் கண்டுபிடித்ததிலிருந்து மருந்துவரை வந்த பயணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்நோயில் இல்லை. இதேபோல் கார்டு14 என்னும் மரபணுவின் அரிய மாறுபாடுகள், ஒரே பிரதி இருந்தாலே தலைமுறைதோறும் பலருக்கு நோயைத் தரக்கூடியவை. 2012இல் அமெரிக்காவிலும் தைவானிலும் உள்ள குடும்பங்களில் இது கண்டறியப்பட்டது. ஆக, கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிய கடுமையான நோய், சீழ்க்கொப்புள வகை, ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் என்ற மூன்றில் ஒன்று உங்கள் தாளில் தெரிந்தால், தோல் மருத்துவரிடமும் மரபியல் ஆலோசகரிடமும் அந்தத் தாளைக் காட்டிப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள்.

தூண்டும் காரணங்களை விலக்குதல்

மரபணுவை மாற்ற முடியாது. நோய் வராமல் நிச்சயமாகத் தடுக்கும் வழி என்று நிரூபிக்கப்பட்ட எதுவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனினும் வாய்ப்பைக் கூட்டும் காரணங்கள் தெரிந்தவையே. அவற்றில் புகைப்பழக்கமும் உடல் பருமனும் முதலிடத்தில் வருகின்றன. உடல் எடையைக் கூட்டும் மரபணு மாறுபாடுகளைப் பயன்படுத்தி நடத்திய ஆய்வுகளும், பருமன்தான் சொரியாசிஸுக்கு இட்டுச்செல்கிறது என்ற முடிவையே ஆதரிக்கின்றன. ஆகவே குடும்ப வரலாறு உள்ள ஒரு இளைஞரிடம் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால், புகையைத் தொடாதே என்பதைத்தான் நான் சொல்வேன். மிகையான மதுவும் கடும் மன உளைச்சலும் இதே வரிசையில் வருபவை.

பிள்ளைகளுக்கு வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சி தனிக் கவனத்துக்கு உரியது. அது வந்து இரண்டு மூன்று வாரங்களில், முதுகிலும் வயிற்றிலும் கைகால்களிலும் மழைத்துளி அளவுள்ள சிறு செதில் புள்ளிகள் திடீரென்று தோன்றுவதே துளிவகைச் சொரியாசிஸ். எச்எல்ஏ-சி*06:02 உள்ளவர்களிடம் இது மிகுதி. அத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லி, தேவையெனில் தொண்டைப் பரிசோதனை செய்து, தரும் மருந்தை முழுவதும் முடிக்க வேண்டும். இது தொண்டை நோய்க்கான முறையான சிகிச்சை. சொரியாசிஸைத் தடுத்துவிடும் என்ற உத்தரவாதம் இதில் இல்லை.

வேறு நோய்களுக்கு எடுக்கும் சில மருந்துகளும் சொரியாசிஸைத் தூண்டவோ தீவிரப்படுத்தவோ கூடும். மனநல சிகிச்சையில் தரப்படும் லித்தியம், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர்கள், குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், இன்டர்ஃபெரான் ஆகியவை அவற்றில் சில. இவற்றை எடுத்துக்கொண்டிருப்பவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது சொரியாசிஸைவிடப் பெரிய ஆபத்தாக முடியும். புதிதாக மருந்து எழுதும் மருத்துவரிடம் குடும்பத்தில் சொரியாசிஸ் இருப்பதை முன்கூட்டியே சொன்னால் போதும். மாற்று மருந்து இருந்தால் அவரே பார்த்துக்கொள்வார். ஏற்கெனவே சொரியாசிஸ் உள்ளவர்கள் ஸ்டீராய்டு மாத்திரைகளையோ ஊசிகளையோ எடுத்துத் திடீரென்று நிறுத்தும்போது, முன் சொன்ன சீழ்க்கொப்புள வகையாகவே நோய் சீறி எழக்கூடும்.

தோலில் காயம் பட்ட இடத்திலேயே திட்டு தோன்றுவதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஹைன்ரிக் கோப்னர் விவரித்தார். கீறல், தீக்காயம், அறுவைத் தழும்பு, பச்சை குத்திய கோடு, இறுக்கமான இடுப்புப் பட்டை உராயும் இடம் ஆகிய எதிலும் இது நிகழலாம். நோய் வந்துவிட்டவர்களுக்கு இது மிக முக்கியம். வராதவர்கள் தோலைச் சுரண்டாமல் இருப்பதும், தலையைச் சீப்பால் கீறாமல் இருப்பதும், வறண்ட தோலுக்கு ஈரப்பதக் களிம்பு பூசுவதும் போதும்.

முதல் அறிகுறியைத் தேடுதல்

மாதம் ஒருமுறை, குளித்து உடம்பைத் துடைத்தபின், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முழங்கையையும் முழங்காலையும் எல்லோரும் பார்ப்பார்கள். மறந்துபோகும் இடங்கள் உச்சந்தலையின் பின்புறம், காதுமடலின் பின்புறமும் காதுத் துளையின் வாயிலும், தொப்புளின் உட்புறம், பிட்டங்களுக்கு இடைப்பட்ட மடிப்பு, பிறப்புறுப்பைச் சுற்றிய தோல் ஆகியவை. மடிப்புகளில் வரும் திட்டில் செதில் இருக்காது. பளபளப்பாகச் சிவந்து மட்டும் தெரியும். நகத்தை நேராகப் பார்த்தால் குழிகள் தெரியாது. விரலைச் சற்றுச் சாய்த்து வெளிச்சம் நகத்தின் மேல் வழுக்கிச் செல்லும்படி பிடித்தால், வழவழப்பான பரப்பில் சிறு பள்ளங்கள் நிழலிட்டுத் தெரியும். ஓரிரு குழிகள் யாருக்கும் இருக்கலாம். பல நகங்களில் பல குழிகள் இருந்தால் காட்ட வேண்டும்.

மருத்துவ நூல்களில் வரும் படங்களைப் பார்த்து ‘சிவப்பாக இல்லையே’ என்று இருந்துவிடாதீர்கள். கருநிறத் தோலில் சொரியாசிஸ் திட்டு ஊதா, சாம்பல் அல்லது அடர்பழுப்பு நிறத்தில் தெரியும். குணமான பின்பும் அந்த இடம் மாதக்கணக்கில் கருத்தோ வெளுத்தோ நிற்கும். குழந்தைகளுக்கு முகத்திலும் இடுப்புத் துணி கட்டும் இடத்திலும் வருவதுண்டு. ஐயத்துக்குரிய திட்டு எதைக் கண்டாலும், மருத்துவர் பார்க்கும்வரை கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூச வேண்டாம். அது சில நாட்களில் திட்டின் உருவத்தையே மாற்றிவிடும். பூஞ்சைத் தொற்றாக இருந்தால் அதைப் பரவவும் விடும். எந்தக் களிம்பையும் பூசுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்வது மிக உதவும்.

மூட்டுகளைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஈடுசெய்ய முடியாத சேதம் அங்கேதான் நடக்கிறது. சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 விழுக்காடு வரையானவர்களுக்குச் சொரியாசிஸ் மூட்டழற்சி வரலாம். பெரும்பாலும் தோல் நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து, சிலருக்கு அதற்கு முன்பே. நோயைக் கண்டறிவதில் ஏற்படும் 6 மாதத் தாமதம்கூட மூட்டு அரிப்புக்கும் நிரந்தரக் குறைபாட்டுக்கும் வழிவகுப்பதாக ஆய்வு உண்டு. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு வினாப்பட்டியலில் ஐந்து கேள்விகள்தான் இருக்கின்றன. மூட்டு எப்போதாவது வீங்கியதுண்டா, மூட்டழற்சி என்று மருத்துவர் சொன்னதுண்டா, நகங்களில் குழிகள் உண்டா, குதிகாலில் வலி இருந்ததுண்டா, காரணமின்றி ஒரு கைவிரலோ கால்விரலோ முழுவதும் வீங்கி வலித்ததுண்டா என்பவையே அவை. சொரியாசிஸ் உள்ள ஒருவர் மூன்றுக்கு ‘ஆம்’ என்றால், மூட்டுநோய் நிபுணரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளிடமும், பிள்ளை பெறும் முன்பும்

பிள்ளையிடம் இதைப் பேசும்போது, ‘என்னிடமிருந்து உனக்கு வந்துவிட்டது’ என்ற சொல்லாட்சியைத் தவிர்த்துவிடுங்கள். யாரும் தேர்ந்தெடுத்து மரபணுவைக் கொடுப்பதில்லை. ‘நம் வீட்டில் சிலருக்குத் தோலில் இப்படி வருவதுண்டு, உனக்கு எங்காவது செதிலாகத் தெரிந்தால் என்னிடம் காட்டு, மருந்து இருக்கிறது, இது யாருக்கும் ஒட்டாது’ என்ற அளவில் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் போதும். பதின்பருவத்தில், தோழர்கள் முன் சட்டையைக் கழற்ற மறுப்பது, விளையாட்டை விட்டு ஒதுங்குவது ஆகியவை திட்டுகளுக்கு முன்பே கண்ணில் படும் அறிகுறிகளாக இருக்கலாம்.

சொரியாசிஸ் உள்ளவர் திருமணம் செய்துகொள்ளலாமா, பிள்ளை பெறலாமா என்று கேட்பவர்களுக்கு, மேலே சொன்ன எண்களே போதுமான பதில். சிகிச்சை இருக்கிற, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராமலே போகிற ஒரு நோயைக் காரணம் காட்டி ஒருவரின் குடும்ப வாழ்வை மறுப்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கு மரபணுவைவிட உடனடி ஆபத்து தாய் எடுக்கும் சில மருந்துகளில்தான் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரின் மேற்பார்வையில் அதை நிறுத்த வேண்டும். அசிட்ரெட்டின் இன்னும் கடுமையானது; அதை நிறுத்தி 3 ஆண்டுகள் ஆகும்வரை கருத்தரிக்கக் கூடாது என்பதால், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு அதைப் பெரும்பாலும் தருவதே இல்லை. அளவான வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள், குறுகிய அலைவரிசை புறஊதா பி ஒளிச் சிகிச்சை, நஞ்சுக்கொடியை மிகக் குறைவாகவே கடக்கும் செர்டோலிசுமாப் என்னும் ஊசி மருந்து எனக் கர்ப்ப காலத்துக்கு ஏற்ற வழிகள் இருக்கின்றன. எனவே முதல் மருந்துச் சீட்டு எழுதப்படும் நாளிலேயே, எப்போது பிள்ளை பெற எண்ணியிருக்கிறீர்கள் என்பதைத் தோல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் பலருக்குத் திட்டுகள் தாமாகவே தணிந்துவிடும். பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் திரும்ப எழுவதும் வழக்கம். அந்தக் காலத்தில் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்து எது என்பதை, பிரசவத்துக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.